அசிஸ்டெண்ட் கோச் சம்சாரம்

"இந்தத் தபா யாரை சீஃப் கோச்சா போடப் போறாங்களாம்?" சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள் பார்வதம்.

"வெளியூர்க்காரன் ஒருத்தன் வர்றானாம். ஏதோ ஃபாரின் டிப்ளமாவாம்" என்றார் திருவேங்கடம்.

"அப்ப நீ?"

"எப்பவும்போல அசிஸ்டெண்டு. தெறமைக்கு எங்க மதிப்பு கீது? வுடு. ரசம் ஊத்து."

திருப்போரூருக்கு வெளியே இருந்த அந்த இன்ஜினீயரிங் கல்லூரியில், கால்பந்து அணி தொடங்கிய நாளிலிருந்து திருவேங்கடம்தான் அசிஸ்டெண்ட் கோச். தலை நிறைய முடியோடு சேர்ந்தவர். முடி போய்விட்டது; நான்கு சீஃப் கோச்சுகளும் போய்விட்டார்கள். கடைசியாக வந்த ஞானதாஸ் ஒரே சீசன்தான் தாங்கினார். மண்டலப் போட்டியில் ஏழு கோல் வாங்கிய மறுநாளே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். வழக்கம்போல திருவேங்கடம்தான் கண்கலங்க அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

"பொழுது விடியறதுக்கு முன்னாடி கெளம்பிப் போயி அந்தப் பசங்களைப் பயிற்சின்னு ஓட வுடறது நீ. சீஃப்னு பேரு மட்டும் எவனுக்கோவா?" பார்வதத்துக்கு ஆறவில்லை. "போன வாரம் ஊரப்பாக்கத்துல என் தங்கச்சி புருசன் எல்லார் எதிர்லயும் இன்னா கேட்டான்? 'இன்னா சகல, இன்னும் அசிஸ்டெண்டுதானா, சீஃப்புக்கு ஷூ லேஸ் கட்டிக்கினு கீறியா'ன்னு சிரிக்கிறான்யா!"

"சிரிக்கட்டும். நேர்மையா கீறவனுக்கு இதான் கதி" என்று பெருமூச்சு விட்ட திருவேங்கடம், மறுசோறு போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் மைதானத்துக்குப் போனதும், பார்வதம் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு நேராகக் கல்லூரி கரஸ்பாண்டென்ட் அறைக்குப் போய் நின்றாள்.

"ஐயா, இது உங்களுக்கே நல்லா கீதா? அந்த மனுசன் இந்த டீமுக்காக ஒழைச்சு ஓடாத் தேஞ்சுட்டாரு."

கரஸ்பாண்டென்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரருக்கு சீஃப் கோச் ஆகணும்னு ஆசை இருக்காம்மா?"

"தெனமும் அதே பொலம்பல்தாங்க. மனசு வுட்டுட்டாரு."

"அப்படியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" அவர் மேசை மேலிருந்த போனைப் பக்கத்தில் இழுத்தார். "சரி, அந்த வெளியூர் ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேன். இன்னையிலேர்ந்து உங்க வீட்டுக்காரர்தான் சீஃப். சந்தோஷமா போயிட்டு வாங்க."

பஸ் ஸ்டாண்டு கடையில் ஜிலேபி வாங்கிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கொடுத்தது போக மீதியோடு காத்திருந்தாள் பார்வதம். சாயங்காலம் திருவேங்கடம் வீட்டுக்குள் நுழைந்ததும் வாயில் ஒன்றைத் திணித்தாள்.

"இன்னாடி விசேஷம்?"

"இனிமே நீதான்யா சீஃப் கோச்சு! நானே கரஸ்பாண்டென்டைப் பாத்துப் பேசிட்டேன்."

ஜிலேபி தொண்டையில் நின்றது. திருவேங்கடம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சந்தோசத்துல பேச்சே வரல பாரு" என்று விசிறினாள் பார்வதம்.

"அடிப்பாவி! ஒவ்வொரு தபாவும் அந்தாளு மொதல்ல என்னைத்தான்டி கூப்ட்டுக் கேட்டாரு. 'எனக்குப் பதவி ஆசையே இல்ல சார்'னு கும்புடு போட்டுத் தப்பிச்சுக்கினு வந்தேன். இப்பிடிக் கொண்டுபோய் மாட்டி வுட்டுட்டியே!"

"மாட்டி வுட்டேனா? இன்னாய்யா சொல்ற?"

"டீம் தோத்தா சீஃப்பைத்தான் வூட்டுக்கு அனுப்புவாங்க. அசிஸ்டெண்டை எவனும் கேக்க மாட்டான். சனிக்கெழம மேட்ச் கீது!"

"இருக்கட்டுமே. நம்ம பசங்க ஜெயிக்க மாட்டாங்களா இன்னா?"

"எப்பிடிடி ஜெயிப்பானுங்க?" திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டார். "இத்தினி வருசமா அவனுங்களுக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்ததே நாந்தானே!"