தாடிக்காரர் சொல்லாத பாடம்

புது சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ள வழிகாட்டி தேடித் தேடி வினோதினிக்குக் கண் பூத்துப்போனது. இணையதளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ‘விரைவில் வரும்’ என்றிருந்தது. மாதக் கடைசிக்குள் கற்காவிட்டால் வேலை போய்விடும்.

ஊரிலிருந்த ஆசிரமத்துக்கு எதிரே காபிக் கடை வைத்திருக்கும் தனம்தான் வழி சொன்னாள். “அந்த சாஃப்ட்வேரை உருவாக்கினவரே பக்கத்து லாட்ஜ்லதான் தங்கியிருக்காரு. தாடி வெச்சிருப்பாரு. மௌன விரதம்.”

லாட்ஜ் வாசலில் உட்கார்ந்திருந்த தாடிக்காரர் முன் லேப்டாப்பை வைத்து வினோதினி சந்தேகத்தைக் கொட்டினாள். அவர் சிரித்தார்.

“அப்ப நான் செஞ்சது தப்புங்களா?”

இன்னும் சிரித்தார். மறுபடி யோசித்ததில் தப்பு அவளுக்கே பிடிபட்டது! தினமும் வந்து, அந்தச் சிரிப்பிலேயே மொத்தத்தையும் கற்றுக்கொண்டாள்.

பௌர்ணமியன்று விரதம் முடிந்ததும் காலில் விழுந்தாள். “என் வேலையைக் காப்பாத்திட்டீங்க குருவே!”

அவர் பதறினார். “ஏம்மா, எனக்குக் கீழ்பென்னாத்தூர்ல கடலை வியாபாரம். வீட்டுக்காரிகிட்ட வாய் குடுத்து மாளாம இங்க வந்து உக்காந்தேன். நீ தேடின ஆளு பக்கத்து ரூம்ல இருந்தாரு. நீ லேப்டாப்போட வந்த அன்னிக்கே காலி பண்ணிட்டு ஓடிட்டாரு.”

வினோதினி திகைத்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்தாள்.

“இன்னும் ஒரே ஒரு சந்தேகங்க. கொஞ்சம் பேசாம உக்காருங்க.”