வெயில் விளக்கு

"விளக்க எரிய வைக்கத்தான் உனக்குச் சம்பளம். அணைக்கிறதுக்கு இல்ல" என்றார் சூப்பர்வைசர் சம்பவநாதன்.

தாவூத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

எண்பத்தேழில், செஞ்சிப் பக்கம் சூரிய ஒளித் தெருவிளக்குகள் வந்த புதிது. கம்பெனி அவனைத் தற்காலிகமாக எடுத்திருந்தது. சிங்கவரத்துத் தெருக்கோடி விளக்கு அவன் பொறுப்பு. வெயிலை வாங்கும் தகட்டைத் துடைக்க வேண்டும், பேட்டரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சூப்பர்வைசருக்குத் திருப்தி என்றால் இன்றைக்கு வேலை நிரந்தரம். மகன் வெயிலில் கரண்ட் எடுக்கிற உத்தியோகத்தில் இருக்கிறான் என்று அவன் அத்தா செஞ்சி பஸ் ஸ்டாண்டு பூராவும் சொல்லி வைத்திருந்தார்.

புகார் கொடுத்தவன் கம்பத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பாவாடை. பொழுது சாய்ந்ததும் எரிகிற விளக்கு உடனே அணைந்துவிடுகிறதாம். ஊர் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குத்தான் மறுபடி எரிகிறதாம். இருட்டுக் கடைக்கு எவன் வருவான் என்று கேட்டான்.

"பேட்டரிய டேப் ரிக்கார்டருக்கு மாட்டிப் பாட்டு கேக்கறான் சார். இவன் வெயில்ல மட்டும் கரண்ட் எடுக்கல, எங்க வெளிச்சத்தையும் சேத்து எடுத்துக்கினான்."

பெஞ்சில் இருந்த ஆம்பிளைகள் சிரித்தார்கள்.

சம்பவநாதன் கம்பத்துப் பெட்டியைத் திறந்து பேட்டரியைச் சோதித்தார். குறை ஒன்றும் இல்லை.

"யாரு அணைக்கிறது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

தாவூத் டீக்கடைக் கூட்டத்தை ஒரு தரம் பார்த்தான்.

பேட்டரி சூடானதா, யாராவது மிரட்டினார்களா, காசு கொடுத்தார்களா என்று அவரும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தார். எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை.

"அப்ப நாளையிலேர்ந்து வர வேணாம். சாவியக் குடு."

கொடுத்தான். தகடு துடைக்கும் துணியையும் மடித்துப் பெட்டி மேல் வைத்தான்.

பொழுது சாயுமுன்னே கட்டுச்சோற்றை முடித்துக்கொண்ட சம்பவநாதன், விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டே பஸ் ஏறுவது என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

இருட்டியது. விளக்கு தானாக எரிந்தது. தெருக்கோடியைத் தாண்டி, கழனி வரப்பு, வரப்போரத்துப் புதர் வரைக்கும் பளிச்சென்று வெளிச்சம்.

"இப்பத்தான் சார் தெரு தெருவா இருக்குது" என்று பாவாடை அவருக்கு டீ ஆற்றினான். சமணரான அவர், இருட்டின பிறகு எதுவும் தொடுவதில்லை என்று கையசைத்தார்.

தாவூத் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். வெளிச்சம் முடிகிற இடத்தில், வேலியை ஒட்டி, கையில் சொம்போடு நாலைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். தெரு அமைதியாக இருந்ததில் டீக்கடை வரைக்கும் கேட்டது.

"இன்னா தம்பி, இன்னிக்கு அணைக்காம போற? பகலெல்லாம் அடக்கிக்கினு கெடக்கறோம். இந்த வெளிச்சத்துல நாங்க எப்பிடி ஒதுங்கறது?"

பாவாடையின் கை அப்படியே நின்றது. அது அவன் பெண்சாதி பூவாயியின் குரல்.

பெஞ்சில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சம்பவநாதன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து விளக்கை அணைத்தார்.

இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது.

"தாவூத், திரும்பி வாப்பா. மறுபடி எப்ப போடணும்னு எனக்குத் தெரியாது."