பித்தளைத் தகட்டுக்கு அடியில்

"உங்க அண்ணனை எங்கப்பாதான் சுட்டிருக்கணும், அம்மா. அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

ஃபான் கம்பளியைப் பிரித்து, பழைய மௌசர் துப்பாக்கியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தான். எழுபது வயது லெட்டி பெஸ்டர் காபி ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"சண்டை ஓய்ஞ்சு அம்பது வருஷம் ஆச்சு. இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

தென்னாப்பிரிக்காவில் போயர் குடியானவர்கள் இங்கிலீஷ்காரர்களோடு போட்ட சண்டையில் பேசிய துப்பாக்கி அது. ஃபானின் அப்பா ஆட்ரியான் லாட்டகன், குழலைக் குறைத்து, கட்டையை இழைத்து, மான் வேட்டைக்குத் தோதாக அதை மாற்றி வைத்திருந்தார். கட்டையில் பதித்திருந்த பித்தளைத் தகட்டை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை.

போன மாதம் அவரை அடக்கம் செய்த பிறகு, ஃபான் அதைக் கழற்றினான். அடியில் கத்தியால் செதுக்கிய எழுத்துகள்: கெர்ட் பெஸ்டர், டோரிங்லாக்டே.

டோரிங்லாக்டே எங்கே இருக்கிறது என்று தபால் ஆபீஸ், சர்ச் பதிவேடு எல்லாம் விசாரித்து, இரண்டு நாள் வண்டி ஓட்டி இந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்திருந்தான்.

"கெர்ட்டுக்காக வருத்தப்பட இங்க ஆளில்ல, தம்பி" என்றாள் லெட்டி. "இங்கிலீஷ்காரனோட சேர்ந்துக்கிட்டு, நம்ம ஆளுங்க பதுங்கியிருந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தான். விடியறதுக்குள்ள பதினோரு பேர் போயிட்டாங்க. அவனும் அங்கயே செத்தான்னாங்க. பொணம் வரல. எங்கம்மா அழவும் இல்ல."

"அப்பாவும் அங்கதான் இருந்தார். உயிரோட தப்பிச்சது தான் ஒருத்தன்தான்னு சொல்வார். அப்புறம் கலஹாரிப் பாலைவனத்துப் பக்கம் போய்ட்டார். சொந்தபந்தம்னு யார் வாசலையும் மிதிச்சதில்ல."

"நிம்மதியாவாவது இருந்தாரா?"

"நிம்மதி ஏது! தூக்கத்துல தன் பேரையே சொல்லி அலறுவார். 'ஆட்ரியான், எழுந்திருடா! எழுந்து ஓடுடா!'ன்னு. எங்கம்மா உலுக்கி எழுப்புவாங்க. கண்ணு முழிச்சா, மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குவார்."

லெட்டி கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"காட்டிக் கொடுத்தவனைக் கொன்னதுக்கு நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? உங்கப்பாவை நான் பார்த்திருந்தா, அந்தக் கையைப் பிடிச்சு முத்தம் குடுத்திருப்பேன்."

ஒரு மாதமாக நெஞ்சை அழுத்திய பாரம் ஃபானுக்குச் சட்டென்று இறங்கியது. சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான்.

"இதோ, பாருங்க. கல்யாணத்தன்னிக்கு எடுத்தது. அப்பாவுக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு."

லெட்டி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். முதலில் புன்னகையோடுதான் பார்த்தாள். பிறகு போட்டோவை இன்னும் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவளுடைய காபி ஆறி ஆடை கட்டியது.

"ஏன், எங்கயாவது பார்த்த முகமா?" என்றான் ஃபான், பாதி எழுந்து.

அவள் திரும்பி வந்தாள். அவன் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நான் உனக்கு அத்தைடா."