உச்சியில் சொன்ன வசனம்

சபைப் போதகரான ஐயர், கைவைத்த நாற்காலியில். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலி.

கமிட்டிச் செயலாளர் வேதமாணிக்கம், ஜன்னலோரம். காற்று வருகிற இடம் அது ஒன்றுதான்.

ஐயரம்மா, பாயில். உள்ளங்கையால் பாயைத் தடவி, அழுக்கு ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

சற்குணம், கட்டிலில். அவனுக்கு இனி வேறு இடம் கிடையாது. வேதக்கோயில் கோபுரத்துக்கு வெள்ளையடிக்க ஏறினான். சாரம் சரிந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் இப்போது அவன் பேச்சைக் கேட்பதில்லை.

அவன் பெண்சாதி மட்டும் நின்றாள், அடுப்படி நிலையில் சாய்ந்து.

செயலாளர் ஜெபித்தார். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு மழையில்லாத நாளைக் கேட்டார். கோபுரத்தில் கட்டப்போகிற சீரியல் விளக்குகளுக்காக ஸ்தோத்திரம் சொன்னார். முடிக்கிற நேரத்தில், போகிற போக்கில், "இந்த மகனையும்" என்றார்.

பெயர் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

பிறகு விரலை நாவில் தொட்டுப் பக்கம் புரட்டி ஒரு வசனம் வாசித்தார். தூதர்கள் உன்னைக் கையில் ஏந்துவார்கள், உன் கால் கல்லில் மோதாது என்கிற வசனம்.

நிலையில் நின்றவள் சற்குணத்தின் காலைப் பார்த்தாள். போர்வைக்குள் விறகு மாதிரி கிடந்தது. இனி எந்தக் கல்லிலும் மோதாதுதான்.

அவர் வாயால் இந்த வசனத்தைக் கேட்பது அவளுக்கு இது முதல் தடவையல்ல.

அவன் விழுந்த அன்றைக்குச் சோற்றுத் தூக்கோடு அவளும் கோயில் வாசலில் நின்றாள். "சாரக் கயிறு இத்துப் போய்க் கெடக்குய்யா. மாத்திக் குடுத்தா ஏறிருவேன்" என்றான் சற்குணம். செயலாளர் சிரித்தார். "ஆண்டவர் வேலைக்கு வந்தவன் கயித்தயாடே பாப்பான்?" கோபுரத்தை அண்ணாந்து பார்த்து இதே வசனத்தைச் சொன்னார்.

சற்குணம் சிலுவை போட்டுக்கொள்கிற பழக்கமில்லாதவன். கண்ணை மட்டும் மூடித் திறந்துவிட்டு ஏறினான்.

செயலாளர் கீழே நின்றார். அவருடைய விசுவாசத்துக்குத் தரை தேவைப்பட்டது.

ஐயர் தொண்டையைச் செருமினார். வந்த காரியம் வெளியே வந்தது.

சாரம் எப்படிச் சரிந்தது என்று எழுதித் தரும்படி போலீஸ் ஸ்டேஷனில் அவளைக் கேட்டிருக்கிறார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

"கால் தடுமாறிச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துரும்மா" என்றார் ஐயர், தன் நகத்தைப் பார்த்தபடி. "ஸ்டேஷன், கோர்ட்டுன்னு போறது விசுவாசிக்கு அழகில்ல. பண்டிகையன்னைக்குச் சபை முன்னால சாட்சி சொல்லு. உயிரையாவது தந்தாருன்னு சொல்லு. அதுதான் உண்மையான சாட்சி."

"தெருவுக்கே லெட்டர் எழுதிக் குடுக்கிறவ நீ" என்றார் செயலாளர். "ஒனக்குச் சொல்லியா தரணும்? சாட்சியையும் எழுதி முதல்லயே எங்கிட்டக் காட்டிரு. நாளைக்கு மிச்ச வெள்ளைக்கு வேற ஆளு ஏறுதான். போலீஸ் வந்து நின்னா வேலை கெட்டுரும்."

"கயிறு மாத்தியாச்சா?"

அவள் கேட்டது அவ்வளவுதான்.

"எல்லாத்தையும் அவரு பாத்துக்கிடுவாரும்மா" என்று செயலாளர் மேலே கையைக் காட்டினார்.

மேலே ஓடுதான் இருந்தது. அவள் அதையும் பார்த்தாள்.

"ஒரு சந்தேகம்யா. இப்ப வாசிச்சீங்களே, அந்த வசனத்தக் கோயில் உச்சியில வச்சுச் சொன்னது யாரு?"

ஐயரின் கண் நகத்தை விட்டு எழும்பியது. அவர் படித்தவர்.

செயலாளர் யோசிக்கவே இல்லை. "சங்கீதக்காரன்தாம்மா. வேற யாரு?"

கட்டிலில் ஒரு சத்தம். வலியோ என்று திரும்பினாள். சற்குணம் சிரித்துக்கொண்டிருந்தான். விழுந்த பிறகு அவன் சிரிப்பது இப்போதுதான்.

"சாத்தான்லா சொன்னான்" என்றான். "ஆண்டவரக் கூட்டிட்டுப் போயி உச்சியில நிப்பாட்டி, இங்கருந்து குதியும்னு இந்த வசனத்தச் சொன்னான்."

செயலாளர் மறுபடி விரலை நாவில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"ஆண்டவரு குதிக்கலய்யா. நாந்தான் ஏறிட்டேன்."

ஐயரம்மா எழுந்து சேலையை உதறினாள். உதறுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

வாசலில் செருப்பைத் தேடியபடி செயலாளர் முணுமுணுத்தார். "நொந்த வாயி. நாம பெருசா எடுக்கப்படாது." அவர் மன்னித்துவிட்டார். அவருக்கு அது கைவந்த கலை.

அவர்கள் தெருமுனை திரும்புமுன் அவள் தாளை எடுத்துவிட்டாள்.

அனுப்புநர். பெறுநர். பொருள். பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை. பொருள் என்பதற்கு எதிரே ஒரே சொல் எழுதினாள்: சாட்சி.

இத்துப்போன கயிற்றை எழுதினாள். அவன் கேட்டதையும், அவர் சொன்னதையும், சொன்னபடியே எழுதினாள். நாளைக்கு ஏறப்போகிற ஆளையும் எழுதினாள். அழுகையை எழுதவில்லை. அதற்கு அந்த வரிசையில் இடமில்லை.

சற்குணத்துக்கு வாசித்துக் காட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான். கை நன்றாகத்தான் இருந்தது.

"ஜெபம் பண்ணு" என்றான்.

தாளின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினாள். பண்டிகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நடந்தத எழுதிட்டேன் ஆண்டவரே. மிச்சத்த நீர் பாத்துக்கிடும்" என்றாள். அந்தச் சொற்கள் அவள் வாயில் வேறு மாதிரி இருந்தன.

ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கிக் கவரின் வாயை ஒட்டினாள்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கவரை நீட்டினாள்.

"கோயிலுக்கா தங்கச்சி?"

"கோயிலத் தாண்டி, ஸ்டேஷனுக்குண்ணே" என்றாள். "அங்க நிறுத்திராதீங்க."