ஜேசுரட்ணத்தின் அளவு

"ஏலாது. நான் தரமாட்டன்."

ஜேசுரட்ணம் தன் குறிப்புப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்.

சந்திரகாந்திக்கு முகம் சுண்டிப்போனது. ஜெர்மனியில், கொலோன் நகரில் டிராம் ஓட்டுகிறவள் அவள். ஊருக்கு வெளியே இருந்த அந்தத் துப்பாக்கி சுடும் கழகத்தில் தமிழர் என்று இவர்கள் இரண்டு பேர்தான். 2006ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஆறு கிழமை இருந்தது. சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெற்றுக்கோதுகளில் தானே வெடிமருந்து நிரப்பிச் சுடுவதற்குச் சோதனை எழுதி, அனுமதியும் எடுத்திருந்தாள். எவ்வளவு நிரப்புவது என்பதுதான் கேள்வி. அவர் தன் துப்பாக்கிக்கு நிரப்பும் அளவைத்தான் கேட்டிருந்தாள்.

"ரெண்டு துவக்குக்கும் ஒரே தோட்டாதானே அண்ணை?"

"தோட்டா ஒண்டுதான். குழல் வேறை. கடையில விக்கிற அளவுப் புத்தகத்தில இருக்கிறதும் அதைப் போட்டவை தங்கட துவக்கில சுட்டுப் பார்த்து எழுதினது. கீழளவில தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுங்கோ. கோதை வெளிய எடுக்கிற போல்ட் இறுகினால் நிப்பாட்டுங்கோ."

மூன்று வருடம் தொடர்ந்து வென்றவர். அளவைச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

"தோத்துப்போவன் எண்ட பயம் அந்தாளுக்கு" என்றாள் வீட்டில், கணவன் கணேசலிங்கத்திடம். "இருக்கட்டும். அவற்றை அளவு இல்லாமலே வெண்டு காட்டுறன்."

முதல் சனிக்கிழமை, புத்தகத்தின் ஆகக் குறைந்த அளவு. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கோதின் அடியைத் திருப்பிப் பார்த்தாள், எழுதினாள். அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் கூட்டினாள். இலக்கில் துளைகள் நெருங்கி வந்தன.

மூன்றாம் சனிக்கிழமை போல்ட் இறுகியது. இழுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. கோதின் அடி தட்டையாகிக் கிடந்தது; அழுத்தம் மிஞ்சிவிட்டது, இன்னும் கூட்டினால் துவக்கே வெடிக்கலாம். புத்தகம் சொன்ன மேலளவுக்கு இன்னும் தூரம் இருந்தது.

இன்னும் பதினேழு தோட்டா நிரப்பி வைத்திருந்தாள். ஒன்றைக்கூடச் சுடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினாள். முதல் கிழமை அளவுக்குக் கிட்டத் திரும்பி வந்தாள்.

நாலாம் சனிக்கிழமை ஐந்து துளையும் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. அன்றைக்குத்தான் ஜேசுரட்ணம் வந்து நின்றார்.

"மேலளவு வரைக்கும் போனீங்களோ?"

"இல்லை. அதுக்கு முன்னமே இறுகிட்டுது."

அவர் தன் குறிப்புப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். அவருடைய துவக்கு சிரமமில்லாமல் சுடும் அளவு அதில் இருந்தது. அவளுடைய போல்ட் இறுகிய இடத்தையும் தாண்டிய அளவு.

சந்திரகாந்தி அதை இரண்டு தரம் வாசித்தாள். அன்றைக்கு இதை வாங்கியிருந்தால், நேரே இதைத்தான் நிரப்பியிருப்பாள்.

"அண்ணை, நான் உங்களைப் பிழையா நினைச்சிட்டன்."

அவர் பதில் சொல்வதற்குள் கழகப் பொறுப்பாளர் பெக்கர் பட்டியலோடு வந்தார்.

"ஜேசுரட்ணம், அடுத்த சனிக்கிழமையும் உங்கள் பயிற்சி நேரத்தைச் சந்திரகாந்திக்கே எழுதட்டுமா? நீங்கள் சுட்டு ஒரு மாதமாகிறது."