ஐந்தாவது குளியல்

நான் ஒரு பழைய காரின் முன்சீட்டு. என்னை முதலில் வைத்திருந்தவர் ஆறு வருடம் சிகரெட்டும் கையுமாகவே கார் ஓட்டினார். இப்போது காரை வாங்கியிருக்கும் செண்பகவல்லி, கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் முறைப்பார். ஷாம்பூ, சோடா மாவு, பிரஷ் என்று நான்கு முறை தேய்த்ததில் என் தோலே வெளுத்துவிட்டது. ஆனாலும் ஏசியைப் போட்டால் புகை நாற்றம் குப்பென்று அடிக்கும்.

ஏசிக் காற்று வரும் ஓட்டையில் மாட்டியிருந்த மல்லிகை சென்ட் பாட்டில், "விடுங்கண்ணே, நான் இருக்கேன்ல, சமாளிச்சுக்கலாம்" என்று ஆறுதல் சொல்லும்.

ஐந்தாவது முறை என்னைக் கழுவக் கொண்டுபோனபோது, மெக்கானிக் ஜெயசீலன் டேஷ்போர்டுக்குள் கைவிட்டு ஏசி ஃபில்டரை உருவினார். அது தார் பூசியதுபோல் கறுத்திருந்தது.

"இதுதாங்க நாறுது. சீட்டைப் போட்டு ஏன் பாடாப்படுத்துறீங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டிலைப் பார்த்துக் கத்தினேன். "டேய், அந்தக் காத்து வர்ற வாசல்லயேதானே உக்காந்திருக்கே! உனக்குத் தெரியாதா?"

"முதல் நாளே தெரியும்ணே. சொல்லியிருந்தா எனக்கு இங்க என்ன வேலை?"

புது ஃபில்டர் மாட்டி ஏசியைப் போட்டார்கள். செண்பகவல்லி மூச்சை இழுத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னும் ஏதோ நெடி அடிக்குதே" என்றவர், சென்ட் பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். குப்பைத்தொட்டியில் விட்டெறிந்தார்.

"அண்ணே!" என்று அலறியது அது.

"சமாளிச்சுக்கோடா!" என்றேன்.