பெட்டிக்குத் தராத கதை

ரெஜினா அத்தையின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், குடும்பமே கூடி ஆளுக்கொரு நினைவைச் சொல்லச் சொல்ல, கேட்ட நினைவுகளைக் கொண்டு இறந்தவரைப் போலப் பேசும் அந்தக் கருவிப் பெட்டி அத்தையின் குரலிலேயே பேசத் தொடங்கியது. அத்தை மக்ரூன் மிட்டாய் வாங்கித் தந்ததாக அண்ணன் சொன்ன கதையை அது தினமும் இனிக்க இனிக்கத் திருப்பிச் சொன்னதில், இப்போது அண்ணனுக்கே பெட்டி சொன்ன விதம்தான் ஞாபகம் இருக்கிறது. அதைக் கண்டதிலிருந்து தங்கை பிரிசில்லா பெட்டியிடம் வாயே திறக்கவில்லை.

“ஏட்டி, நீ மட்டும் ஒண்ணுமே சொல்லலியே. உன்னைய நான் எங்கயும் கூட்டிட்டுப் போனதில்லையா?” என்று ஒருநாள் பெட்டியே கேட்டது.

அவள் பரீட்சையில் தோற்ற அன்று, துறைமுகக் கடற்கரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் அத்தை தலை பின்னிவிட்டாள். அந்த விரல்கள் இன்னும் பிடரியில் இருந்தன.

“இல்ல அத்த. எங்கயும் போனதில்ல.”

“ஒரு தடவையாவது கூட்டிட்டுப் போயிருக்கணும்,” என்று வருந்தியது அத்தையின் குரல்.